பாட்டில் யார் பெயர் போடுவது? ஒரு கோலாலம்பூர் ராக் குழுவுக்கு முன் இருக்கும் வழிகள்

என் அக்கா மகனின் ராக் குழு ஆறு பாடல்களைப் பதிவு செய்து முடித்து, வெளியிடக் காத்திருக்கிறது. செந்தூலில் ஒரு ஜாம் அறையில், அதாவது சேர்ந்து வாசித்துப் பழகும் அறையில், வாராவாரம் கூடும் நான்கு பேர்: பாட்டும் ஒரு கிட்டாரும் அவன், இன்னொரு கிட்டார் அவன் நண்பன், பேஸ் கிட்டார் ஒரு பெண், டிரம்ஸ் ஒரு பையன். வரிகளை எழுதித் தருபவர் கிள்ளானில் இருக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். அவர் குழுவில் இல்லை, மேடையிலும் ஏறமாட்டார். ஸ்போட்டிஃபைக்கும் யூடியூபுக்கும் பாட்டை அனுப்பித் தரும் நிறுவனத்தின் படிவத்தில் பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்று இரண்டு கட்டங்கள். அங்கே வந்து நின்றுவிட்டார்கள். “மாமா, இதுல யார் பேரைப் போடுறது?” என்று கேட்டான்.

சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்த நமக்கு இது பழக்கமில்லாத கேள்வி. கேசட் அட்டையில் இசை என்று ஒரு பெயர், பாடல்கள் என்று ஒரு பெயர், பாடியவர்கள் என்று சில பெயர்கள். கிட்டார் யார், டிரம்ஸ் யார் என்று பெரும்பாலும் தெரியாது. வாசித்தவர் அன்றைய சம்பளத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். ராக் குழுவில் அந்த ஏற்பாடு அப்படியே பொருந்தாது. ஒருவன் ஒரு பல்லவியை முனகிக்கொண்டு வருகிறான். மற்ற மூவரும் அதன் வேகத்தை மாற்றி, நடுவில் ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத் துணுக்கு) வைத்து, சரணத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று கண்டுபிடித்து, அதைப் பாட்டாக்குகிறார்கள். அப்புறம் அது யாருடைய பாட்டு? உலகத்தில் எத்தனையோ குழுக்கள் இந்தக் கேள்வியில் உடைந்திருக்கின்றன. இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட நல்ல வழிகள் உண்டு. எது யாருக்குப் பொருந்தும் என்பதுதான் பார்க்க வேண்டியது.

முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாதிச் சண்டை இதைக் கலந்து பேசுவதால் வருகிறது. மேடையில் வாசித்தால் வருவது ஒரு பணம். பதிவு செய்த ஒலிக்கு, அதாவது மாஸ்டருக்கு, ஸ்ட்ரீமிங்கிலும் மற்ற இடங்களிலும் வருவது இன்னொரு பணம். பாட்டு என்ற படைப்புக்கு, மெட்டுக்கும் வரிக்கும், வருவது மூன்றாவது. இந்த மூன்றாவதைத்தான் வானொலி, தொலைக்காட்சி, உணவகம், பேரங்காடி முதலிய இடங்களிலிருந்து மலேசியாவில் எம்ஏசிபி (MACP) வசூலித்து இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் அவர்கள் சார்பில் பாட்டின் உரிமையைக் கவனிக்கும் பதிப்பாளர்களுக்கும் பிரித்துத் தருகிறது. 1989இல் தொடங்கிய அமைப்பு அது. மின்னல் எஃப்எம்மில் உங்கள் பாட்டு ஒலித்தால், டிரம்மர் எவ்வளவு அருமையாக வாசித்திருந்தாலும், படைப்பாளிகளின் பட்டியலில் அவர் பெயர் இல்லாவிட்டால் எம்ஏசிபி வழியாக அவருக்கு ஒரு சென்கூட வராது.

மேடைப் பணம் அன்றிரவோடு முடிந்துவிடும். படைப்பின் உரிமை அப்படியல்ல. மலேசியாவின் 1987ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி அது படைப்பாளியின் ஆயுள் முழுவதும், அவர் இறந்த பின் 50 ஆண்டுகளும் நீடிக்கும். கூட்டாக எழுதியிருந்தால், அவர்களில் கடைசியாக இறப்பவரின் மரணத்திலிருந்து அந்த 50 ஆண்டுகள் எண்ணப்படும். இருபத்து மூன்று வயதில் ஜாம் அறையில் கட்டிய பாட்டின் பங்கு பேரப்பிள்ளைகள் கைக்குப் போகக்கூடியது. அதனால்தான் மேடைப் பணத்தை நாலாகப் பிரித்துக்கொண்டு சிரித்துப் பேசும் குழுக்கள்கூட இந்த ஒன்றில் நீதிமன்றம் வரை போகின்றன.

எழுத்தாளர் (மெட்டு போட்டவரையும் சேர்த்தே இப்படிச் சொல்கிறேன்) ஒருவர் அல்லது இருவர் மட்டும் என்பது முதல் வழி. மெட்டு யார் மனத்தில் பிறந்ததோ அவர் பெயர், மற்றவர்கள் வாசித்தவர்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் பெரும்பாலான பாடல்களுக்கு ஜாகர், ரிச்சர்ட்ஸ் என்ற இரண்டு பெயர்கள்தான். ஆரம்ப நாட்களில் எல்லோரும் சேர்ந்து உருவாக்கியவற்றுக்கு நான்கர் ஃபெல்ஜ் என்று ஒரு கற்பனைப் பெயரைப் போட்டார்கள். சில ஆண்டுகளில் அந்தப் பெயர் மறைந்து, இரட்டைப் பெயர் நிலைத்துவிட்டது. பீட்டில்ஸில் லெனனும் மெக்கார்ட்னியும், யார் எழுதினாலும் இருவர் பெயரும் என்று இளமையிலேயே பேசிக்கொண்டார்கள். 1965இல் வந்த ‘யெஸ்டர்டே’யை மெக்கார்ட்னி தனியாக எழுதினார், பதிவிலும் வேறு எந்த பீட்டிலும் வாசிக்கவில்லை, ஆனாலும் லெனன் பெயர்தான் முன்னால் நிற்கிறது. 2002இல் தன் கச்சேரி ஆல்பத்தில் மெக்கார்ட்னி பெயர்களின் வரிசையை மாற்றிப் போட்டபோது மறைந்த லெனனின் மனைவி யோகோ ஓனோ எதிர்ப்புத் தெரிவித்தார். பங்கு சமமாகவே இருந்தும் பெயர் வரிசை இத்தனை ஆண்டுகள் கழித்து வலித்திருக்கிறது. பணமும் பெயரும் வெவ்வேறு விஷயங்கள், இரண்டையும் தனித்தனியாகப் பேசி முடிக்க வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சான்று இல்லை.

இந்த வழியின் பலம் தெளிவு. பலவீனம் மற்றவர்களின் மனத்தில் மெல்ல மெல்லச் சேர்வது. ஸ்பாண்டவ் பாலே குழுவின் கதை இதற்குப் பாடம். பாடல்கள் எல்லாவற்றையும் எழுதியவர் கேரி கெம்ப். சில ஆண்டுகள் தன் எழுத்து வருமானத்தில் ஒரு பகுதியைக் குழுவோடு பகிர்ந்துகொண்டார், பிறகு நிறுத்தினார். பாடகர் டோனி ஹாட்லி, சாக்ஸபோன் வாசித்த ஸ்டீவ் நார்மன், டிரம்மர் ஜான் கீபிள் மூவரும் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். இரண்டு வாதங்கள் வைத்தார்கள்: பகிர்வதாக வாய்மொழி ஒப்பந்தம் இருந்தது, அதோடு நாங்களும் பாடல்களின் கூட்டுப் படைப்பாளிகள். 1999இல் இரண்டிலும் தோற்றார்கள். கெம்ப் முழுமையான பாட்டோடு வந்தார், மற்றவர்கள் அதைச் சிறப்பாக வாசித்தார்கள், சிறப்பாக வாசிப்பது பாட்டை எழுதுவது ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். பலருக்கும் மனப்பாடமான ‘ட்ரூ’ பாட்டின் சாக்ஸபோன் பகுதிகூட நார்மனைக் கூட்டுப் படைப்பாளி ஆக்கவில்லை. அந்த நண்பர்கள் மறுபடி ஒரே மேடையில் நிற்க 2009 வரை ஆனது.

இதற்கு நேர் எதிரே இன்னொரு தீர்ப்பு இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் யாரும் எந்த முடிவும் எடுக்கக்கூடாது என்பேன். 1967இல் வந்த ‘எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்’ பாட்டின் தொடக்கத்தில் வரும் ஆர்கன் இசையைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பாட்டுக்கு வரிகள் கீத் ரீட், இசை கேரி ப்ரூக்கர் என்றுதான் பல பத்தாண்டுகள் பெயர் இருந்தது. ஆர்கன் வாசித்தவர் மேத்யூ ஃபிஷர். பாட்டு வந்து 38 ஆண்டுகள் கழித்து, 2005இல், தன் பங்கைக் கேட்டார். ப்ரூக்கர் கொண்டுவந்த ஸ்வரக் கட்டுமானத்தின் மேல் ஃபிஷர் கோர்த்த அந்த மெட்டு தனியான, தெளிவான படைப்பு என்று 2006இல் நீதிமன்றம் ஏற்று, இசை உரிமையில் 40 சதவீதம் கொடுத்தது. மேல்முறையீட்டில் பெயர் நின்றது, பணம் போனது. இவ்வளவு காலம் சும்மா இருந்துவிட்டு இப்போது கேட்கலாமா என்ற வாதம் எடுபட்டது. 2009இல், அப்போது பிரிட்டனின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதையும் மாற்றிப் பங்கைத் திருப்பிக் கொடுத்தது.

சாக்ஸபோனுக்கு இல்லை, ஆர்கனுக்கு உண்டு. வித்தியாசம் எங்கே? ஏற்கெனவே முடிந்த பாட்டுக்குள் ஒருவர் தன் கைவண்ணத்தைக் காட்டினாரா, அல்லது பாட்டின் அடையாளமாகவே மாறிய ஒரு மெட்டைத் தானே உருவாக்கினாரா என்பதில். கேட்பதற்கு எளிது. ஆனால் ஜாம் அறையில் நின்று பார்த்தால் இந்தக் கோடு எங்கே விழுகிறது என்று சொல்லவே முடியாது. ‘த போலீஸ்’ என்ற ராக் குழு 1983இல் வெளியிட்ட ‘எவ்ரி ப்ரெத் யூ டேக்’ பாட்டைக் கேட்டால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆண்டி சம்மர்ஸ் வாசித்த கிட்டார் ரிஃப்; எழுத்தாளராகப் பெயர் ஸ்டிங் ஒருவருக்குத்தான். ஆங்கிலத் தீர்ப்புகள் நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தா. ஆனால் நம் சட்டமும் அதே மரபில் வந்தது. கூட்டுப் படைப்பு என்றால் ஒருவர் பங்கை மற்றவர் பங்கிலிருந்து பிரிக்க முடியாதபடி இணைந்து செய்தது என்றுதான் இங்கும் விளக்கம். ராக் பாட்டில் டிரம்ஸைப் பிரிக்கலாமா, முடியாதா என்று நீதிபதி முடிவு செய்யும் நிலைக்கு விடுவதைவிட, நீங்களே உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்வது எவ்வளவோ மேல்.

பாட்டுக்குப் பாட்டு தனித்தனியாகப் பெயர் போடுவது இன்னொரு வழி. நியாயம் என்று பார்த்தால் இதுதான் மிகத் துல்லியமானது. க்வீன் குழு நீண்ட காலம் இப்படித்தான் நடந்தது. அந்தக் குழுவில் நால்வருமே வலுவான எழுத்தாளர்கள்: ஃப்ரெடி மெர்குரியின் ‘பொஹீமியன் ராப்சடி’, பிரையன் மேயின் ‘வீ வில் ராக் யூ’, ஜான் டீகனின் ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’, ராஜர் டெய்லரின் ‘ரேடியோ காகா’. இருந்தும் உரசல் வந்தது. 1975இல் ‘பொஹீமியன் ராப்சடி’ தட்டின் மறுபக்கத்தில் டெய்லரின் ஒரு பாட்டு இருந்தது. தட்டை வாங்கியவர்கள் முன்பக்கத்துக்காகத்தான் வாங்கினார்கள், ஆனால் எழுத்து ராயல்டி இரு பக்கத்துக்கும் ஒரே அளவு. எந்தப் பாட்டு ஆல்பத்தில் வரும், எது சிங்கிளாக வரும் என்ற ஒவ்வொரு பேச்சிலும் பணம் உட்கார்ந்திருந்தது. கடைசியில் 1989இல் ‘த மிராக்கிள்’ ஆல்பத்தில் எல்லாப் பாடல்களுக்கும் க்வீன் என்று குழுவின் பெயரையே போட்டார்கள். அத்தனை திறமையும் வெற்றியும் உள்ளவர்களே கடைசியில் அங்கே வந்து சேர்ந்தார்கள் என்பது யோசிக்க வைக்கிறது. இந்த வழியை இளம் குழுவுக்கு நான் சொல்லமாட்டேன். ஒவ்வொரு பாட்டுக்கும் சதவீதம் பேச ஆரம்பித்தால், ஜாம் அறையில் ஒருவன் யோசனை சொல்லும்போதே அதற்கு எத்தனை சதவீதம் என்று மற்றவர்கள் மனம் கணக்குப் போடும்.

அடுத்தது முழுச் சமம். ஆர்.இ.எம். குழு பெரி, பக், மில்ஸ், ஸ்டைப் என்ற நான்கு பெயர்களையும் எல்லாப் பாட்டுக்கும் போட்டது. 1997இல் டிரம்மர் பில் பெரி விலகியபின் வந்த பாடல்களுக்கு மூன்று பெயர்கள்; பழையவற்றில் அவர் பெயர் அப்படியே இருக்கிறது. கோல்ட்ப்ளேயும் நால்வர் பெயரைப் போடுகிறது, ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸும் அப்படியே. மேடையில் எல்லோர் கண்ணும் பாடகர் மேல்தான் இருக்கும்; ஆனால் பாட்டின் பட்டியலில் டிரம்மரும் அவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இந்தக் குழுக்கள் பத்தாண்டுகளைத் தாண்டி நீடித்ததற்கு இதுதான் ஒரே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் சண்டை போட ஒரு காரணம் அவர்களுக்குக் குறைவாக இருந்தது.

சமத்துக்கு ஒரு விலையும் உண்டு, அது டோர்ஸ் குழுவில் தெரிகிறது. பெயர் எல்லோருக்கும், பணம் சமம், முடிவுக்கு நால்வர் சம்மதமும் வேண்டும் என்று இருந்தார்கள். 1967இன் ‘லைட் மை ஃபயர்’ பெரும்பாலும் கிட்டார் வாசித்த ராபி க்ரீகர் எழுதியது. 1968இல் பாடகர் ஜிம் மாரிசன் இல்லாத நேரத்தில் மற்ற மூவரும் அதை ஒரு ப்யூக் கார் விளம்பரத்துக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். திரும்பி வந்தவர் கொதித்துப்போனார். பல பத்தாண்டுகள் கழித்து கேடிலாக் நிறுவனம் பெரிய தொகையோடு வந்தபோது, டிரம்மர் ஜான் டென்ஸ்மோர் ஒருவர் மறுத்ததால் அது நடக்கவில்லை. மாரிசனின் விருப்பத்தைக் காத்தார் என்று அவரை மதிப்பவர்கள் உண்டு, நானும் மதிக்கிறேன். உயிரோடிருந்த மற்றவர்களுக்கு அது கசப்பாகத்தான் இருந்தது. நமக்கு இது தூரத்துக் கதையல்ல. இந்த நாட்டில் ஒரு தமிழ்ப் பாட்டுக்கு விளம்பரப் பணம் வர வாய்ப்பு என்றால் தீபாவளிக் காலம்தான். ஒரு நிறுவனம் வந்து கேட்கும், பதிலுக்கு அவகாசம் குறைவாக இருக்கும். யாருக்கு ஆம் சொல்லும் அதிகாரம் என்று அப்போது உட்கார்ந்து பேசினால் வாய்ப்பும் போகும், நட்பும் போகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பணத்தில் சமம் வேறு, எழுதுவதில் சமம் வேறு. க்ரீடன்ஸ் க்ளியர்வாட்டர் ரிவைவல் குழுவில் அசல் பாடல்களில் ஏறக்குறைய எல்லாமே ஜான் ஃபோகர்ட்டி எழுதியவை. மற்றவர்கள் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று நீண்ட நாள் கேட்டார்கள். 1972இல் ‘மார்டி க்ரா’ ஆல்பத்துக்கு எஞ்சியிருந்த மூவரும் ஆளுக்குச் சில பாட்டு எழுதி, ஆளுக்குச் சிலவற்றைப் பாடினார்கள். ஆல்பம் கடுமையான விமர்சனத்துக்கு உள்ளானது, அதே ஆண்டு குழுவும் கலைந்தது. டிரம்மருக்குப் பங்கு கொடுங்கள். அதற்காக அவரை உட்காரவைத்துப் பாட்டு எழுதச் சொல்லாதீர்கள்.

நிர்வாணா குழுவில் முதலில் எழுத்து வருமானம் மூவருக்கும் சமமாக இருந்ததும், ‘நெவர்மைண்ட்’ பெரும் வெற்றி பெற்ற பிறகு கர்ட் கோபேன் தன் பங்கைப் பெருமளவு கூட்டி, அதைப் பழைய பாடல்களுக்கும் பொருந்தச் செய்ததும் தெரிந்த கதை. எழுதியவர் அவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. காயப்படுத்தியது பின்னோக்கிப் போன மாற்றம். சதவீதத்தை மாற்றலாம், இனி வரும் பாடல்களுக்கு மட்டும்.

கடைசி வழி வரியையும் இசையையும் பிரிப்பது. யூ2 குழுவில் இசை என்ற இடத்தில் குழுவின் பெயர், வரிகள் என்ற இடத்தில் பெரும்பாலும் போனோ. நம் சட்டமும் இதற்கு இடம் தருகிறது: வரிகள் இலக்கியப் படைப்பு, மெட்டு இசைப் படைப்பு, இரண்டும் தனித்தனி. தமிழில் பாடும் குழுவுக்கு இது இயல்பாகவே பொருந்துகிறது என்று நினைக்கிறேன். நம் ஊரில் கிட்டார் வாசிக்கும் பையன்களில் பலர் பேசுவது தமிழ், எழுதுவது ஆங்கிலம் அல்லது மலாய். மெட்டுக்குச் சந்தம் பிசகாமல், எதுகை மோனை உட்காரும்படி எழுத வேறொருவரைத் தேடிப் போகிறார்கள். மெட்டுக்கு எழுதுவது நம் மரபும்கூட. அந்த எழுத்தாளர் குழுவுக்கு வெளியில் இருப்பதால், அவர் பங்கை நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று குழுவின் கணக்கோடு கலப்பது சரியாக வராது. ராப் பகுதி இருந்தால் அதை எழுதிப் பாடுபவரும் வரிக்காரர்தான். வரிப் பாதிக்குள் அவருக்கும் ஆசிரியருக்கும் பிரியும்.

பழைய பாட்டின் மேல் கட்டுவதாக இருந்தால் கணக்கு வேறு. 2006இல் யோகி பி, நட்சத்திரா குழுவின் ‘வல்லவன்’ ஆல்பத்தில் வந்த ‘மடை திறந்து’, 1980இல் ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா போட்ட பாட்டிலிருந்து எழுந்தது. அப்படிச் செய்ய நினைப்பவர்கள் முதலில் மூலப் பாட்டின் உரிமையாளரிடம் அனுமதி பெற்று அவருக்கு எவ்வளவு என்று முடிக்க வேண்டும். குழுவுக்குள் பிரிப்பது மிச்சம் இருப்பதைத்தான். அலேகேட்ஸ் போல வேறொருவர் எழுதியதைப் பாடும் வழியும் இருக்கிறது. 1960களின் இறுதியில் பினாங்கில் தோன்றி, லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்களின் குரலால் மலாய்ப் பாட்டுலகில் நிலைத்த அந்தக் குழுவுக்கு எம். நசீர் உட்பட வெளியார் பலர் பாட்டு எழுதினார்கள். அங்கே எழுத்துப் பங்கு பற்றிய கேள்வியே குழுவுக்குள் எழாது. செந்தூல் பிள்ளைகள் தங்கள் பாட்டைத் தாங்களே கட்டுவதால் இது அவர்களுக்கான வழியல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பாட்டுக்கு எழுத்து வருமானமாக 1,000 ரிங்கிட் வந்தது, பாடல் வரிகளுக்குப் பாதி, இசைக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். மெட்டு கொண்டுவந்தவர் மட்டும் இசையமைப்பாளர் என்றால் ஆசிரியருக்கு 500, என் மருமகனுக்கு 500, மற்ற மூவருக்கும் ஒன்றுமில்லை. ஐவரும் சமம் என்றால் ஆளுக்கு 200. வரி ஆசிரியருக்கு, இசை நால்வருக்கும் சமம் என்றால் ஆசிரியருக்கு 500, குழுவில் ஆளுக்கு 125. இசைப் பாதியில் பாதியை மெட்டுக்கென்று ஒதுக்கி, மீதியை நால்வரும் பிரித்தால் மருமகனுக்கு 312.50, மற்றவர்களுக்கு ஆளுக்கு 62.50.

நான் சொன்னது மூன்றாவது கணக்கு. அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. “மெட்டு என் பையன் போட்டது. எதுக்குடா நாலாப் பிரிக்கணும்?” என்றாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டியது. அந்த ஆறு பாட்டின் ஆரம்ப டெமோக்களை நான் கேட்டிருக்கிறேன். செல்பேசியில் பதிந்த பல்லவியும் கடைசியில் வந்த பாட்டும் அண்ணன் தம்பி போல இருக்கின்றன, ஒரே ஆள் இல்லை. அவற்றில் இரண்டு பாட்டை அடையாளம் காட்டுவதே பேஸ் வாசிக்கும் பெண் கண்டுபிடித்த சரடுதான். ஃபிஷரின் ஆர்கன் பக்கம் நிற்கும் பங்களிப்பு அது, நார்மனின் சாக்ஸபோன் பக்கம் அல்ல. நாலாவது கணக்கும் தவறில்லை. ஒருவரே எப்போதும் முழு மெட்டோடு வரும் குழுவுக்கு அதையே சொல்வேன். ஆனால் இவர்கள் கட்டும் விதத்துக்கு மூன்றாவதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதோடு, இப்போது இந்தக் குழுவுக்கு எழுத்து வருமானம் என்பது சிறு தொகை. அந்தச் சிறு தொகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, மூன்று பேரை இது எங்கள் பாட்டு என்று நினைக்க வைப்பது பெரிய லாபம். நாளைக்கு ஒரு பாட்டு எங்கோ போய்விட்டால் அவன் நிறைய இழப்பான், உண்மை. அந்தப் பாட்டை அங்கே கொண்டுபோனதில் அந்த மூவருக்கும் பங்கிருக்கும், அதுவும் உண்மை.

ஒரு விலக்கு வைக்கச் சொன்னேன். குழுவில் யாராவது தனியாகவே ஒரு பாட்டை முழுதாக எழுதி முடித்திருந்தால், முதல் ஜாமுக்கு முன்பே இது என் தனிப் பாட்டு என்று சொல்லிவிட வேண்டும். ஜாமில் நுழைந்த பாட்டு நால்வருடையது.

இதை எழுதி வைக்கும்போது சிலவற்றை விடக்கூடாது. வெளியே தெரியும் இடத்தில் இசை என்று குழுவின் பெயரைப் போடலாம், அது அழகாகவும் இருக்கும். ஆனால் எம்ஏசிபி பதிவில் ஆள் ஆளாகப் பெயரும் சதவீதமும், கூட்டினால் 100 வரும்படி இருக்க வேண்டும். குழு கலைந்துபோகலாம், ஆட்களின் உரிமை அவரவரிடம் இருக்கும். விலகிப் போகிறவர் தான் இருந்தபோது கட்டிய பாடல்களின் பங்கோடு போவார், புதிதாக வருகிறவருக்குப் புதிய பாடல்களில்தான் பங்கு. விளம்பரத்துக்கோ படத்துக்கோ பாட்டைக் கொடுப்பதென்றால் இசைக்கார நால்வரில் மூவரின் சம்மதமும் வரி எழுதியவரின் சம்மதமும் போதும் என்று வைக்கச் சொன்னேன். மது, சூதாட்டம், அரசியல் கட்சி விளம்பரம் என்றால் அத்தனை பேரும் ஒப்ப வேண்டும். முழு உரிமையையும் எழுதி வாங்கிக்கொள்ளும் பதிப்பு ஒப்பந்தத்தில் யாரும் தனியாகக் கையெழுத்துப் போடக்கூடாது. லெனனும் மெக்கார்ட்னியும் தங்கள் பாடல்களை வைத்திருந்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டை 1969இலேயே இழந்தார்கள். பெயர் இருந்தது, பிடி இல்லை.

மேடைப் பணத்தையும் மாஸ்டரையும் பற்றித் தனியாக ஒரு பத்தி வேண்டும், எழுத்துப் பங்கு அதற்குத் தானாகப் பொருந்தாது. ஸ்மித்ஸ் குழுவில் எழுத்து பாடகர் மாரிசி, கிட்டார் வாசித்த மார் இருவருடையது. அதில் தகராறு இல்லை. பதிவு, மேடை வருமானத்தில் டிரம்மர் மைக் ஜாய்ஸுக்கு 10 சதவீதம் கொடுத்துவந்தார்கள். அதற்குத் தெளிவான ஒப்பந்தம் இல்லாததால், 1890ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி நால்வரும் சம பங்காளிகள் என்று 1996இல் லண்டன் உயர் நீதிமன்றம் 25 சதவீதம் கொடுக்கச் சொன்னது. மலேசியாவின் 1961ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்திலும், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் லாபம் சமம் என்ற அதே விதி இருக்கிறது. ஜாம் அறை வாடகையும் பதிவுச் செலவும் யார் போட்டார்கள் என்பதையும் அங்கேயே எழுதுங்கள். இந்தக் குழுவில் டிரம்ஸ் பையன் தன் சேமிப்பிலிருந்து போட்ட பணம் முதலில் அவனுக்குத் திரும்ப வேண்டும், அப்புறம்தான் பிரிப்பது.

கடைசியாக, பதிவுக்கு வந்து போகிறவர்கள். பிங்க் ஃப்ளாய்ட் 1973இல் வெளியிட்ட ‘த க்ரேட் கிக் இன் த ஸ்கை’யில் வார்த்தையே இல்லாமல் பாடிய கிளேர் டோரிக்கு அன்று கிடைத்தது 30 பவுண்ட். 2004இல் வழக்குத் தொடுத்தார், 2005இல் சமரசம் ஆனது, இப்போது அந்தக் குழுவின் ரிக் ரைட்டோடு அவர் பெயரும் எழுத்தாளராக நிற்கிறது. என் மருமகன் குழுவின் நாலாவது பாட்டில் உறுமி வாசிக்க ஒரு தம்பி வந்து போயிருக்கிறான். தொடக்கத்தில் வரும் தாளக்கட்டு அவனே அமைத்தது. அவனுக்குச் சம்பளம் மட்டுமா, இசையில் பங்கும் உண்டா என்று இன்னும் பேசவில்லை. அந்தப் பாட்டுக்கு மட்டும் இசைப் பாதியை ஐந்தாகப் பிரித்து, ஆளுக்கு மொத்தத்தில் 10 சதவீதம் என்று போடுங்கள் என்றேன். படிவத்தை அனுப்பும் முன் அவனைக் கூப்பிட்டுப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கிள்ளான் ஆசிரியருக்கும் வீட்டுக்குப் போய் ஒரு நகலைக் கொடுத்து, படித்துப் பார்த்தபின் கையெழுத்து வாங்கப் போகிறார்கள்.